எண் இல்லாத வாஷர்

என் அக்காவின் கணவருக்கு அவர் வேலை பார்த்த இடத்தில் "பார்ட் நம்பர்" என்று பெயர். வைத்தவர்கள் கிண்டலாகத்தான் வைத்தார்கள். அத்தான் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். மோட்டார் சைக்கிள் உதிரிபாகம் விற்கும் கிடங்கு ஒன்றின் கவுண்டரில், தலைமுடி கறுப்பாக இருந்த காலத்தில் போய் நின்றவர், அது கொட்டி முடிந்த பிறகுதான் வெளியே வந்தார். யாராவது வந்து, "அண்ணே, அந்தப் பழைய மாடலுக்கு கிளட்ச் பக்கத்துல சின்னதா ஒரு ஸ்பிரிங் வருமே," என்று விரலைச் சுருட்டிக் காட்டினால் போதும், அதன் எண்ணைச் சொல்லிவிடுவார். சொன்ன பிறகுதான், சொன்னது சரிதானா என்று படத்தில் போய்ப் பார்ப்பார். அவர் எடுத்துக் கொடுத்த பாகம் பொருந்தவில்லை என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லையாம். இது அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அடிக்கடி சொல்வார்.

அந்தக் காலத்தில் கம்பெனிக்காரர்கள் ஒரு வண்டியின் மொத்தப் பாகங்களையும் வரைந்து, அந்தப் பக்கங்களைப் பொடிப்பொடிக் கட்டங்களாகச் சுருக்கி, போஸ்ட்கார்டு அளவுள்ள ஃபிலிம் அட்டையில் ஏற்றி அனுப்புவார்கள். மைக்ரோஃபிஷ் என்று பெயர். வெறும் கண்ணால் பார்த்தால் அட்டை முழுக்கக் கொசு உட்கார்ந்த மாதிரி இருக்கும். அதற்கென்று இருக்கும் பெட்டியில் செருகினால், உள்ளே விளக்கு எரிந்து, திரையில் பக்கம் விரியும். எஞ்சினைப் பிரித்து, ஒவ்வொரு திருகையும் அடுத்ததிலிருந்து கொஞ்சம் தள்ளி அந்தரத்தில் நிறுத்திவைத்த படம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எண். அத்தான் உலகத்தையே அப்படித்தான் பார்த்தார். வீட்டுக்கு யாராவது வந்து உட்கார்ந்தால், நாற்காலியில் எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். உட்கார்ந்தவர் யார் என்பதை அக்காதான் சொல்ல வேண்டும்.

அந்த மோட்டார் சைக்கிள் கம்பெனி மூடி வெகுகாலமான பிறகு, கிடங்கு கம்ப்யூட்டருக்கு மாறியது. இல்லாத வண்டிக்கு எதற்குப் படம் என்று மேலாளர் அட்டைகளைக் குப்பையில் போடச் சொன்னார். அத்தான் ஓய்வு பெற்றதும் அந்தச் சமயத்தில்தான். வழக்கமாகக் கொடுக்கும் சுவர்க் கடிகாரத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, "அந்த ஃபிலிம் அட்டைங்களை எனக்குக் கொடுத்துடுங்க," என்று கேட்டிருக்கிறார். மேலாளர் கண்கலங்கிவிட்டாராம். கலங்காதா பின்னே? கடிகாரமும் மிச்சம், குப்பை வண்டியும் மிச்சம்.

அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இதில் பறிகொடுக்க ஏதாவது வைத்திருந்தவள் அவள்தான். அக்கா தையல்காரி. சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் உள்ள நடையில், பட்டப்பகலிலும் பல்பு எரிந்தாக வேண்டிய இடத்தில் மெஷினைப் போட்டுக் காலம் தள்ளியவள். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டும்போது துணியை மோந்து பார்ப்பவள் மாதிரி மூக்குக்குக் கொண்டுபோவாள். முன்னறையில் பெரிய ஜன்னல் இருக்கிறது. அத்தான் ஓய்வு பெற்றதும் முன்னறை அக்காவுக்கு என்று பேச்சு. அங்கே இன்னும் சில மெஷின்களைப் போட்டு, அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் தையல் வகுப்பு எடுக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக அவளுக்கு ஆசை. ஜன்னலுக்குத் திரைகூடத் தைத்து மடித்து வைத்துவிட்டாள். அத்தான் பிஸ்கட் டின் டின்னாக ஃபிலிம் அட்டைகளைக் கொண்டுவந்து அந்த முன்னறையில் இறக்கினார்.

"ஒரே ஒரு வாரம் பொறுத்துக்கோ," என்றார். "எல்லாத்தையும் போட்டோ எடுத்து கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு ரூமை உன்கிட்ட ஒப்படைச்சிடறேன்."

நான் அக்காவின் தம்பி. கல்யாணம் ஆகாதவன், மாடியறையில் இருக்கிறேன். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது என் தொழில். தினமும் உயிரோடு வீடு திரும்புவதே பெரும்பாடு என்பதால் எனக்குக் கொஞ்சம் முன்கோபம் உண்டு.

"அத்தான், ஒரு வாரம்னா எந்த வாரம்?" என்று கேட்டேன். அவர் டின்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இந்த வேலைக்கென்றே பெரிய இயந்திரங்கள் இருக்கின்றனவாம். வீட்டில் கேமராவை வைத்தே செய்யலாம் என்று யாரோ எங்கோ எழுதியதை அத்தான் படித்துவிட்டார். எழுதினவர் நன்றாக இருக்கட்டும். ஒரு பழைய கேமராவும், கிட்டத்தில் இருப்பதைப் பெரிதாக எடுக்கும் லென்ஸும் வாங்கினார். மற்ற எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டார். கேமராவைக் குப்புறப் பார்த்தபடி பிடித்துக்கொள்ள, சுவரில் துளை போடும் டிரில்லின் ஸ்டாண்ட். அடியிலிருந்து வெளிச்சம் கொடுக்க, சமையலறைக் கூரையில் இருந்த தட்டை விளக்கு. அன்று முதல் அக்கா அடுப்பு வெளிச்சத்தில் சமைத்தாள். கொஞ்சமும் ஆடாத மேசை வேண்டுமே என்று தேடியதில், இரும்புக் கால் வைத்த அக்காவின் தையல் மேசை அகப்பட்டது. மெஷின் சாப்பாட்டு மேசைக்குப் போனது. சாப்பாடு மடிக்கு வந்தது.

ஃபிலிம் அட்டைக்கு வயதானால் ஓரம் சுருள்கிறது. அதை அமுக்கிப் பிடிக்க மெல்லிய கண்ணாடி வேண்டும். அத்தான் வீடு முழுக்க நடந்து பார்த்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தின் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏங்க, படத்துல தூசி படியுமே," என்றாள் அக்கா.

"படிஞ்சா என்ன? நாமதான் நேர்லயே இருக்கோமே."

அக்கா கண்ணாடி இல்லாத படத்தை மட்டும் பத்திரமாகத் துணி சுற்றி அலமாரியில் வைத்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் நினைத்தபோது நடக்க முடியாது. படம் எடுக்கும் கட்டம் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. யாராவது நடந்தால் தரை அதிரும், தரை அதிர்ந்தால் படம் கலங்கும். "அசையாதீங்க!" என்று முன்னறையிலிருந்து குரல் வரும். அக்கா கரண்டியைத் தூக்கியபடி நிற்பாள். நான் மாடிப்படியில் ஒரு காலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நிற்பேன். கிளிக் என்று கேட்டதும், "ம், நடங்க," என்று உத்தரவு வரும். கூரியர்காரர் ஒருநாள் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் அங்கங்கே உறைந்து நிற்பதைக் கண்டதும், பார்சலை ஓசைப்படாமல் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். கையெழுத்துகூடக் கேட்கவில்லை.

அத்தானுடைய துல்லியத்தைச் சொல்ல வேண்டும், அதுதான் வினையாயிற்று. கண்ணாடியின் ஒரு விளிம்பை மேசையோடு சேர்த்து ஒட்டினார், தூக்கி மூட மட்டும்தான் முடியும், நகராது. இரண்டு இரும்பு ஸ்கேல்களை வைத்து ஒரு மூலை கட்டி, அட்டையைக் கட்டம் கட்டமாக அளந்து தள்ளினார். ஒவ்வொரு பக்கமும் படத்தில் மயிரிழை பிசகாமல் ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்தது. கொஞ்சம் கைநடுக்கம் உள்ள மனிதர் செய்திருந்தால் பின்னால் வந்த தலைவலியே வந்திருக்காது.

ஒரு வாரம் போனது, மழைக்காலமும் போனது. அக்கா, "எந்த மட்டுல இருக்குங்க?" என்று கேட்பதை விட்டுவிட்டாள். முன்னறை வாசலில் நின்று ஜன்னலைப் பார்த்துவிட்டுப் போவாள். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

எடுத்த படங்களை அத்தான் இணையத்தில் ஒரு கூட்டத்துக்குப் போட்டுவந்தார். அந்தப் பழைய வண்டிகளை வாங்கிப் பிரித்துப் பூட்டுவதே பிறவிப்பயன் என்று இருக்கிற கூட்டம், பல தேசத்து ஆட்கள். மனைவியின் பிறந்தநாளை மறப்பார்கள், வண்டி கம்பெனியை விட்டு வெளியே வந்த நாளை மறக்கமாட்டார்கள். அத்தானைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். வரலாற்றைக் காப்பாற்றுகிறவர் என்று எழுதினார்கள். வரலாறு காப்பாற்றப்பட்ட வீட்டில் அக்கா இருட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கிளட்ச் படம் இருந்த பக்கம் அவர்கள் கைக்குப் போனது. அந்தப் படத்தில் ஸ்பிரிங்குக்கும் மூடிக்கும் நடுவில், சரியாக நடுக்கோட்டின் மேல், பொடியாக ஒரு வளையம். ஒருவர் கேட்டார்: "இந்த வாஷர் என்ன? பக்கத்தில் எண்ணையே காணோமே?"

அத்தான் பார்த்தார். வளையம் இருந்தது. அது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. ஆயுள் முழுக்க அந்தப் பக்கத்தைப் பார்த்தவர். உடனே அந்த அட்டையைத் தேடியெடுத்து, அதே மூலையில், அதே கண்ணாடியின் அடியில் வைத்து மறுபடி எடுத்தார். வாஷர் அங்கேயேதான் இருந்தது.

"ஃபிலிம்லயே இருக்கேம்மா," என்று அக்காவிடம் வந்து நின்றார். "நான் எப்படிப் பார்க்காம விட்டேன்?"

கூட்டத்துக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. தெரியாததை விளக்க ஆள் கிடைக்காத ஊர் உண்டா? பந்தய வண்டிக்கு மட்டும் ரகசியமாகப் போட்டது என்றார் ஒருவர். வெளியாள் காப்பியடிக்கக் கூடாது என்றுதான் எண் போடவில்லை என்றார் இன்னொருவர். என் அப்பா வண்டியில் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன் என்று சத்தியம் செய்தவரும் உண்டு. இத்தனை நாள் தங்கள் வண்டியில் எண்ணெய் கசிந்ததற்கும், மனைவி பின்னால் உட்கார மறுத்ததற்கும் இந்த வாஷர் இல்லாததுதான் காரணம் என்று பலருக்கும் புரிந்துவிட்டது.

எங்கள் அடுத்த தெருவில் லேத் பட்டறை வைத்திருப்பவர் காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளும் ஆள். பித்தளையில் மெல்லிசாகக் கடைந்து, உறையில் போட்டு, "அசல் படத்தில் உள்ளபடி" என்று அச்சடித்துவிட்டார். அனுப்பி மாளவில்லை. போட்டவர்கள் எல்லோரும் வண்டி வெண்ணெய் மாதிரி ஓடுகிறது என்றார்கள். சில அலுவலகங்களில் துணை மேலாளர் என்று ஒருவர் இருப்பாரே, அப்படித்தான் அந்த வாஷரும். இருந்தாலும் ஓடும், இல்லாவிட்டாலும் ஓடும். பட்டறைக்காரர் ஒரு உறையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார்.

"சார், நீங்க கண்டுபிடிச்ச வாஷர். உங்க கையால வாங்கிக்கணும்."

அத்தான் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். விரலில் மாட்டிப் பார்த்தார். "இது எனக்கு ஞாபகமே வரலியே," என்றார். பட்டறைக்காரர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அத்தான் சுருங்க ஆரம்பித்தார். முதலில் நாங்கள் கவனிக்கவில்லை. அவர் எண் சொல்லாத சாப்பாட்டு வேளை நிம்மதியாகத்தானே இருக்கும். பிறகு பார்த்தால், அடுப்பை அணைத்தேனா என்று எழுந்து எழுந்து போனார். அவர் அடுப்புப் பக்கமே போகாதவர். கதவைப் பூட்டிவிட்டுத் திரும்ப வந்து இழுத்துப் பார்த்தார். ஒருநாள் என்னிடம் தனியாக, "நான் எப்பவாவது பேரை மாத்திச் சொல்றேனாடா? பேசினதையே பேசறேனா?" என்று கேட்டார்.

"பேசினதையே பேசறது உங்களுக்குப் புதுசா அத்தான்?" என்றேன். வழக்கமாகச் சண்டைக்கு வருவார். அன்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது.

கைவேலை மட்டும் நிற்கவில்லை. ஒருவழியாகக் கடைசி அட்டையும் முடிந்தது. சொன்ன சொல் மாறாமல் முன்னறையைக் காலி செய்தார். டிரில் ஸ்டாண்ட் பரணுக்குப் போனது, விளக்கு சமையலறைக்குத் திரும்பியது, கண்ணாடியைக் கழுவிக் கல்யாணப் படத்தில் போட்டுச் சுவரில் மாட்டினார். அக்கா திரையை விரித்துத் தொங்கவிட்டாள். பழைய மெஷின்கள் வந்து இறங்கின. பக்கத்து வீட்டு டீச்சர், எதிர்வீட்டு மருமகள், நர்ஸ் வேலையை விட்டுவிட்ட ஒரு பெண் என்று ஆட்கள் வந்தார்கள். காலையில் மெஷின்கள் ஒன்றாக ஓடும்போது வீடே கிளம்பி எங்கோ போவது மாதிரி இருந்தது. நடுவில் அக்கா சிரிக்கிற சத்தம் மாடிக்குக் கேட்கும். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டு எவ்வளவோ காலம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அத்தான் நடைக்கு வந்து, அக்கா முன்பு மெஷின் போட்டிருந்த இடத்தில், பல்புக்கு அடியில் கிளட்ச் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒருநாள் அக்கா கல்யாணப் படத்தைத் துடைத்தாள். துடைத்தவள், துணியைக் கையில் பிடித்தபடி என்னை முன்னறைக்குக் கூப்பிட்டாள். வகுப்பு முடிந்து யாரும் இல்லை.

"டேய், இந்தப் படத்துல என் முகவாய்ல ஒரு புள்ளி இருக்கே, தெரியுதா? கல்யாணமான நாள்லேர்ந்து துடைக்கிறேன், போகாது. உங்க அத்தான் வீட்டு ஆளுங்க மச்சமான்னுகூடக் கேட்டிருக்காங்க."

"அக்கா, அது கண்ணாடிக்குள்ள இருக்கற காத்துக் குமிழி. மட்டமான கண்ணாடி."

"அந்த வாஷர் படத்தை உன் கம்ப்யூட்டர்ல காட்டு."

மாடியிலிருந்து எடுத்துவந்து காட்டினேன். "இப்ப மத்த பக்கத்தையெல்லாம் தட்டிக்கிட்டே போ. நிறுத்தாத, வேகமா போ."

தட்டினேன். பெட்ரோல் டேங்க், சக்கரம், விளக்கு, சங்கிலி என்று எல்லாம் மாறி மாறி ஓடின. ஓடாமல் நின்றது ஒரே ஒரு பொட்டு. வெற்றிடத்தில் விழுந்தபோது தூசி மாதிரி இருந்தது. எழுத்தின் மேல் விழுந்தபோது அச்சுப்பிழை மாதிரி இருந்தது. கிளட்ச் பக்கத்தில் மட்டும் நடுக்கோட்டில் உட்கார்ந்து வாஷர் ஆகியிருந்தது. கஜக்கணக்கான துணியை வெளிச்சத்தில் பிடித்து, எங்கே இழை அறுந்திருக்கிறது என்று பார்த்துப் பழகிய கண் அக்காவுக்கு. அத்தான் ஒவ்வொரு படமாக உற்றுப் பார்த்தாரே தவிர, ஒருநாளும் ஓடவிட்டுப் பார்க்கவில்லை.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. பித்தளையில் கடைந்து உலகமெல்லாம் அனுப்பிக்கொண்டிருப்பது அக்காவின் முகவாய்ப் பொட்டு. அக்கா சிரிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்கு விளங்கியது. குமிழி என்று தெரிந்தால் அத்தான் அந்த ஒரு பக்கத்தோடு விடமாட்டார். ஒவ்வொரு படத்திலும் அது இருக்கிறது. முதல் டின்னிலிருந்து தொடங்குவார். தையல் மேசை போகும், முன்னறை போகும்.

"சொல்லாதக்கா," என்றேன். "வாஷர் போட்டவனெல்லாம் நல்லாத்தான் இருக்கான். உனக்கு இப்பத்தான் விடிஞ்சிருக்கு. சொன்னா ரூம் போச்சு."

"அவர் சாப்பிடறதே இல்லடா."

"சரியாப் போயிடும்."

அக்கா சொல்லவில்லை. சில நாள் அப்படியே போனது. வகுப்பில் அவள் சிரிப்பது குறைந்துவிட்டது. நான் சொன்னதுதான் நியாயம் என்று எனக்கு இன்னமும் தோன்றுகிறது. ஆனால் என் நியாயத்தைக் கேட்டு நடந்த யாரும் உருப்பட்டதாகத் தெரியவில்லை.

பிறகு ஒரு காலையில், வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது, அத்தான் முன்னறை வாசலில் வந்து நின்றார். இடுப்பில் எப்போதும் தொங்கும் வீட்டுச் சாவிக்கொத்தை அவிழ்த்து அக்காவின் மெஷின் பக்கத்தில் வைத்தார். அந்தக் கொத்தைக் குளிக்கும்போதுகூட யாரிடமும் தரமாட்டார்.

"இனிமே இது உன்கிட்டயே இருக்கட்டும்," என்றார். "நான் எங்கயாவது வச்சிட்டு மறந்துடுவேன். அப்புறம் என்னை எந்த டாக்டர்கிட்டயாவது கூட்டிட்டுப் போயேன். தம்பிகிட்ட சொல்ல வேணாம்."

தம்பியாகிய நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், டீ தம்ளரோடு. அவர் என்னைக் கவனிக்கவில்லை. திரும்பி நடைக்குப் போய்விட்டார்.

அக்கா மெஷினை நிறுத்தினாள். எழுந்து, மெஷின்களை ஒவ்வொன்றாகச் சுவரோரம் தள்ள ஆரம்பித்தாள். பெண்கள் என்னவோ ஏதோவென்று எழுந்து நின்றார்கள். தன் தையல் மேசையிலிருந்து மெஷினைத் தூக்கிக் கீழே வைத்தாள். மேசை காலியானது. பிறகு கல்யாணப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு நடைக்குப் போனாள். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம்.

"என் முகவாயைப் பாருங்க," என்றாள்.

அத்தான் விழித்தார். "ஏன், என்ன ஆச்சு?"

"நேர்ல இல்லீங்க, படத்துல. உங்க லென்ஸை வச்சுப் பாருங்க."

லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தார். பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். கிளட்ச் பக்கத்தை எடுத்துப் பார்த்தார். மறுபடி படத்துக்கு வந்தார்.

"காத்துக் குமிழி," என்றார். "கண்ணாடிக்குள்ள இருக்கு. அப்ப... அப்ப அந்த வாஷரே கிடையாதா?"

"கிடையாது."

"அப்ப எனக்கு ஒண்ணும் ஆகலியா?"

"உங்களுக்கு என்ன ஆகப்போகுது? குத்துக்கல்லு மாதிரி இருக்கீங்க," என்றாள் அக்கா. சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அத்தான் எழுந்துவிட்டார். கிளட்ச் ஸ்பிரிங்கின் எண்ணைச் சொன்னார். மூடியின் எண்ணைச் சொன்னார். தட்டு, தண்டு, திருகு என்று மொத்தக் கிளட்ச்சையும் அந்த நடையில் நின்று கணீரென்று ஒப்பித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை. டீச்சர் கைதட்டிவிட்டார், ஒரு வார்த்தை புரியாமலேயே.

ஒப்பித்து முடித்ததும் அத்தான் பழையபடி அத்தான் ஆனார். "அப்ப எல்லாப் படத்துலயும் இது இருக்கும். எல்லாத்தையும் மறுபடி எடுக்கணும்."

"தெரியும்," என்றாள் அக்கா. "மேசையைக் காலி பண்ணிட்டேன்."

"அக்கா!" என்று கத்திவிட்டேன். "வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கிறியே! உன் ரூம்க்கா அது!"

அக்கா திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பார்வை நின்ற விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

"ஏங்க," என்றாள் அத்தானிடம், என்மேலிருந்து கண்ணை எடுக்காமல். "போட்டோ எடுக்கறப்ப வெளி வெளிச்சம் கண்ணாடில பட்டுப் பளபளக்குதுன்னு திட்டுவீங்களே. ஜன்னல் இல்லாத ரூமா இருந்தா நல்லதுதானே?"

"ரொம்ப நல்லது," என்றார் அத்தான். கொஞ்சம் யோசித்தார். "முதல்லயே அப்படித்தான் பண்ணியிருக்கணும்."

என் மாடியறைக்கு ஜன்னல் கிடையாது.

அன்றே தையல் மேசை மாடி ஏறியது. தூக்கினவன் நான். படியில் பாதி ஏறும்போது, "இதை முதல்லயே யோசிச்சுத்தான் செஞ்சியா?" என்று அக்காவிடம் மூச்சுவாங்கக் கேட்டேன்.

"இல்லடா. அவர் சாவியைக் கொண்டுவந்து வச்சதும் எனக்கு எதுவும் ஓடலை. ரூம் போனா போகட்டும்னுதான் இருந்துச்சு. நீ கத்தினப்பதான் உன் ரூம் ஞாபகம் வந்துச்சு."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது யார் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்.

புதுக் கண்ணாடி வாங்க அக்காவே கடைக்குப் போனாள். ஒவ்வொரு துண்டையும் வெயிலில் பிடித்து, துணி பார்ப்பது போலப் பார்த்துப் பார்த்துத் தள்ளினாள். கண்ணாடிக் கடைக்காரர், "எதுக்கும்மா இவ்வளவு? யாரைப் பார்க்கப் போறீங்க?" என்று நொந்துகொண்டாராம். அத்தான் கூட்டத்துக்கு உண்மையை எழுதினார். அது வாஷர் இல்லை, என் கல்யாணப் படத்தின் கண்ணாடியில் உள்ள குமிழி, மன்னிக்கவும் என்று. ஒருவரும் நம்பவில்லை. நீங்கள் கவுண்டரில் நின்றவர்தானே, வண்டியை வடிவமைத்தவர் இல்லையே என்று மரியாதையாகவே எழுதினார்கள். வாஷர் இல்லாத புதுப் படத்தைப் போட்டதும், யாரோ மிரட்டி அழிக்க வைத்துவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. பட்டறைக்காரர் நேரில் வந்து, "சார், நீங்களே அப்படிச் சொல்லலாமா? போட்டவங்க மனசு நோகாதா?" என்று வருத்தப்பட்டார். அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். வந்தவருக்கு ஸ்பிரிங்கின் எண்ணைச் சொல்லி அனுப்பினார்.

இப்போது என் அறையில் கட்டிலும் தையல் மேசையும் இருக்கின்றன, நடுவில் நான் இருக்கிறேன். கீழே முன்னறையில் சாப்பாட்டு மேசையின் மேல் மெஷினை வைத்து அக்கா வகுப்பு எடுக்கிறாள். அத்தனை மெஷினும் ஓடினால் மாடித் தரை அதிர்கிறது. மாடித் தரை அதிர்ந்தால் படம் கலங்கும். இதை யாரும் யோசிக்கவில்லை.

நேற்றுக் காலை நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அத்தான் கேமராவின் பொத்தானில் விரலை வைத்தபடி குனிந்திருந்தார். ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நான் நின்றுவிட்டேன். கீழே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"கீழ போய் நிறுத்தச் சொல்லட்டுமா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "எனக்கு நேரமாகுது அத்தான்."

"வேணாம்," என்றார். கீழே பெண்கள் தைத்து முடிக்க முடிக்க, ஒவ்வொரு மெஷினாக நின்றது. கடைசியில் ஒன்று மட்டும் நிற்காமல், நீளமான தையலாக ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் தலையைச் சாய்த்துக் கேட்டார். "அது உங்க அக்கா. அவ முடிக்கட்டும்."

பொத்தானை அழுத்தாமல் அப்படியே காத்துக்கொண்டிருந்தார்.